காவோவின் ஐந்து பொட்டலங்கள்

மலையடி ஊர் ஒன்றில் வென் லான் என்ற வைத்தியர் இருந்தார். தூக்கம் வராதவர்களுக்கு அந்த அம்மாள் கொடுக்கும் கஷாயம் சுற்றுவட்டாரத்தில் பேர்போனது.

அவரிடம் சீடனாக வந்து சேர்ந்தவன் காவோ. வைத்தியரைவிடப் பத்து வயது மூத்தவன். இருபது வருடம் சுங்கச்சாவடியில் மூட்டைகளை அவிழ்த்துச் சோதித்தவன். பிணத்தைக் கொண்டுபோனால்கூடப் பாடையை ஒருமுறை குத்திப் பார்த்துவிட்டுத்தான் வழிவிடுவான்.

அவன் மனைவி மெய்லிக்குப் பல நாளாகத் தூக்கமில்லை. எலும்பும் தோலுமாகிவிட்டாள். அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் காவோவுக்கு வேறு நாதியில்லை. வென் லான் அவளுக்கு நாடி பார்த்து, இலந்தைக்கொட்டைப் பருப்போடு சில வேர்களையும் சேர்த்து ஐந்து பொட்டலம் கட்டிக் கொடுத்தார். தினம் ஒன்றாகக் காய்ச்சிக் குடிக்க வேண்டும்.

இதில் அபின் இருந்தால்? காவோவுக்குப் பொறி தட்டியது. உள்ளே இருந்தே கண்டுபிடித்துவிடலாம் என்று அன்றே சீடனானான்.

ஆறாம் நாள் காலை. வென் லான் உரலில் பருப்பை இடித்துக்கொண்டிருந்தார். காவோ விடுவிடுவென்று உள்ளே வந்தான்.

"அம்மா, இந்த மருந்து எப்படி வேலை செய்கிறது?"

"தூக்கத்தை எது தடுக்கிறதோ, அதைத் தணிக்கும். தூக்கம் தானே வரும்."

"மழுப்பாதீர்கள். இதில் என்ன கலக்கிறீர்கள்?"

"பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்திருப்பீர்களே. என்ன கிடைத்தது?"

காவோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் சமாளித்துக்கொண்டான்.

"ஒன்றும் இல்லை. அதுதான் சந்தேகமே! முதல் பொட்டலத்தைப் பொடித்துச் சலித்தேன். இரண்டாவதைக் காய்ச்சிக் கழுதைக்கு வைத்தேன். அது பாட்டுக்குக் கூரை வைக்கோலை இழுத்துத் தின்றுகொண்டு நின்றது. மற்ற மூன்றையும் நானே குடித்தேன். ஒரு கொட்டாவிகூட வரவில்லை. நீங்கள் ஊரை ஏமாற்றுகிறீர்கள்."

"நீங்கள் நன்றாகத் தூங்குகிறவர்தானே?"

"படுத்தால் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவேன்."

"கழுதை?"

"அதற்கென்ன கேடு?"

"உங்கள் இருவருக்கும் இல்லாத நோயை மருந்து எங்கே போய்த் தேடும்?"

காவோ விடுகிற ஆளில்லை. "அப்படியானால் இது வேலை செய்யும் என்பதற்கு அத்தாட்சி?"

வென் லான் இடிப்பதை நிறுத்தினார். அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"மெய்லி எத்தனை கிண்ணம் குடித்தாள்?"

காவோ ஐந்து பொட்டலங்களையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான்.