ஆசீர்வாதம் கரடி கேட்ட ஆலோசனை

மலையடிவாரக் காடு ஒன்றில் ஆசீர்வாதம் என்ற கரடி குடும்பத்தோடு வாழ்ந்து வந்தது. தேன் எடுப்பதில் அதற்கு நிகர் யாரும் இல்லை. தன் பெயரைப் பிறர் சொல்லக் கேட்பதில் அதற்கு இருந்த ஆசைக்கும் நிகர் இல்லை.

அந்தக் காட்டு விலங்குகள் ஞாயிறுதோறும் ஆலமரத்தடியில் கூடி ஆண்டவரைத் தொழும். விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை வந்தால், ஒவ்வொரு குடும்பமும் தனக்குக் கிடைத்ததில் ஒரு பங்கைப் பிறருக்குக் கொடுக்கும். ஆசீர்வாதம் ஆண்டுதோறும் ஒரு பெரிய தேனடையைச் சாலமோன் மயிலின் நடன மண்டபத்துக்குக் கொடுத்துவிடும். மயில்கள் தேனைத் தொடுவதே இல்லை. ஆனால், பண்டிகையன்று சாலமோன் பாறைமேல் ஏறித் தோகையை விரித்து, கொடுத்தவர் பெயரை மலை எதிரொலிக்கக் கூவும். அதைக் கேட்டால் ஆசீர்வாதத்துக்கு வயிறு நிறைந்துவிடும்.

அந்த ஆண்டு போதகர் நாரை ஒரு காரியம் செய்துவிட்டது. காணிக்கையை எங்கே கொடுப்பது என்று வீட்டார் எல்லாரும் கூடிப் பேசி முடிவு செய்யுங்கள் என்று பிரசங்கத்தில் சொல்லிவிட்டது.

ஆசீர்வாதம் அதையும் குறைவில்லாமல் செய்ய நினைத்தது. அன்று மத்தியானமே மனைவி சாராளையும், மகள் ஜெயசீலியையும், மகன் ஏனோக்கையும் குகைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துக் கண்களை மூடி ஜெபித்தது.

"ஆண்டவரே, இந்த ஆண்டும் எங்கள் தேனை நடன மண்டபத்துக்கே கொடுக்க எங்களுக்கு ஒருமனதைத் தாரும். ஆமென்."

பிறகு கண்களைத் திறந்து, "சரி, எங்கே கொடுக்கலாம் என்று சொல்லுங்கள்" என்றது.

சாராள் இன்னும் ஆமென் சொல்லவில்லை. "ஜெபத்திலேயே முடிவு செய்துவிட்டீர்கள். பிறகு நாங்கள் எதற்கு?" என்று கேட்டது.

ஆசீர்வாதத்துக்குச் சுருக்கென்றது. தான் யார் வாயையும் அடைக்கவில்லை என்றும், அவரவர் மனதில் பட்டதைச் சொல்லலாம் என்றும் கூறியது. ஏனோக்கு சாப்பாட்டுப் பிரியன். பசித்தவர்களுக்குக் கொடுப்பது என்றால் பசித்திருக்கும் கரடிக்குட்டிகளுக்கும் கொடுக்கலாம்தானே என்று அது மெல்ல இழுத்தது. சாராள் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டது.

ஜெயசீலி எதையும் நின்று உற்றுப் பார்க்கும் குட்டி. ஓடைக்கரை மரப்பொந்தில் ஓர் இருவாச்சிப் பறவை குஞ்சு பொரித்திருப்பதை அது சொன்னது. தாய்ப்பறவை உள்ளே இருந்துகொண்டு பொந்தின் வாசலைப் பூசி மூடிவிடும். அலகு மட்டும் நீளும்படி ஒரு சிறு இடுக்கு இருக்கும். ஆண்பறவை பழம் கொண்டுவந்து அதன் வழியே ஊட்டும். அண்மையில் அடித்த புயலில் அந்த ஆண்பறவையின் சிறகு ஒடிந்துவிட்டது. இப்போது அது மரத்தடியில் கிடக்கிறது. மேலே இருப்பவர்களுக்குப் பழம் கொண்டுபோக யாரும் இல்லை.

"நாம் அவர்களுக்கு உதவலாம், அப்பா."

ஆசீர்வாதம் தாடையைத் தடவிக்கொண்டது. "பாவம்தான். ஆனால், அந்த அம்மாள் ஒருநாளாவது நம் ஆராதனைக்கு வந்ததுண்டா?"

"வாசலைப் பூசிக்கொண்டு உள்ளே கிடப்பவள் எப்படி வருவாள்?" என்றது சாராள்.

ஆசீர்வாதம் எழுந்து நின்றது. எல்லாரும் போய்ப் பார்த்துவிட்டே வருவோம் என்றது. அது அற்ப விஷயம் என்று காட்டிவிட்டு, பொழுது சாய்வதற்குள் மயிலிடம் போய்விடலாம் என்பது அதன் எண்ணம்.

ஓடைக்கரையில் ஆண் இருவாச்சி புதரோரம் ஒடுங்கிக் கிடந்தது. அது உதவி எதுவும் கேட்கவில்லை.

"மேலே சத்தம் கேட்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள், ஐயா. காலையிலிருந்து எனக்குக் கேட்கவில்லை" என்றது.

ஆசீர்வாதம் பெருமூச்சு விட்டபடி மரத்தில் ஏறியது. மூடிய வாசலில் காதை வைத்துக் கேட்டது. ஒன்றும் கேட்கவில்லை. இடுக்கின் ஓரத்தில் நகத்தால் லேசாகத் தட்டியது. சற்றுப் பொறுத்து ஓர் அலகு மெதுவாக வெளியே நீண்டது. அது கரடியின் நகத்தைப் பழம் என்று எண்ணிப் பற்றி இழுத்தது. பழமில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டு உள்ளே போய்விட்டது. அதன் பின்னால் குஞ்சுகள் கம்மிய குரலில் கத்தின.

ஆசீர்வாதம் வெகுநேரம் இறங்கவில்லை. இறங்கியதும் ஆண்பறவையிடம், "இருக்கிறார்கள்" என்று மட்டும் சொன்னது. பிறகு குடும்பத்தைப் பார்த்து, "என்ன செய்யலாம்?" என்று கேட்டது. இந்த முறை அதற்கு உண்மையிலேயே பதில் தெரியவில்லை.

பறவைகளுக்குத் தேன் உதவாது, அத்திப்பழம்தான் வேண்டும் என்றது ஜெயசீலி. பழம் இருப்பது நுனிக்கிளையில், அது நம் கனத்தைத் தாங்காதே என்றது சாராள். அப்போது ஏனோக்கு, தேன் என்றால் குரங்குகள் எதையும் பறித்துத் தரும் என்றும், தானே பலமுறை கொடுத்து வாங்கியிருப்பதாகவும் உளறிவிட்டது. எந்தத் தேன் என்பதைச் சாராள் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது.

தேனடையில் பாதி போதுமா, முழுவதும் வேண்டுமா என்று சற்று நேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் நால்வரும் முழுவதையும் குரங்குகளுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். சாலமோன் மயில் ஆள் அனுப்பிக் கேட்டபோது, வீட்டில் பேசி வேறு முடிவு எடுத்துவிட்டோம் என்று ஆசீர்வாதம் சொல்லி அனுப்பியது. சொல்லும்போது அதற்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

அன்று முதல் குரங்குகள் அத்திப்பழம் பறித்துப் போட்டன. பிள்ளைகள் பொறுக்கினார்கள். சாராள் ஆண்பறவைக்கு ஊட்டியது. ஆசீர்வாதம் பழங்களை வாயில் அடக்கிக்கொண்டு மரமேறியது. வாய் நிறையப் பழம் இருக்க, ஒன்றையும் விழுங்காமல் ஏறுவது கரடிக்கு எவ்வளவு கடினம் என்று கரடிகளுக்குத்தான் தெரியும். முதல் நாள் இரண்டொரு பழம் தானாக உள்ளே இறங்கிவிட்டது. அதற்காக ஆசீர்வாதம் இன்னொரு தடவை ஏறி இறங்கியது.

நாட்கள் போயின. ஆண்பறவையின் சிறகும் கூடி வந்தது. ஒரு காலை தாய்ப்பறவை வாசலை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. அதன் பின்னால் இரண்டு குஞ்சுகள் வெயிலுக்குக் கண்கூசி எட்டிப் பார்த்தன.

மறு ஆண்டுப் பண்டிகைக்கு முன் ஆசீர்வாதம் மறுபடியும் குடும்பத்தைக் கூட்டியது. "ஆண்டவரே, எங்களுக்கு வழி காட்டும்" என்று சுருக்கமாக ஜெபித்தது. இம்முறை சாராளின் ஆமென்தான் எல்லாருடையதையும்விட உரக்கக் கேட்டது.

"நீங்கள் முதலில் சொல்லுங்கள்" என்றது ஆசீர்வாதம். அவர்கள் பேசி முடிக்கும்வரை தன் வாய் சும்மா இராது என்று அதற்கே தெரியும். அதனால் தன் முன்னங்காலை எடுத்து வாய்க்குள் வைத்துக்கொண்டு கேட்கத் தொடங்கியது.

நீதி: வீட்டார் எல்லாருடைய பேச்சையும் காதுகொடுத்துக் கேட்டபின் கொடுக்கும் காணிக்கை, தேவைப்படுகிறவரிடம் போய்ச் சேரும்.