மகள் பாத்திரம்

திருச்சியில், மூடிப்போன ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் தளிர்மேடை என்றொரு நாடகக் குழு இருந்தது. வேறு யாரும் மேடையேற்றாத புது நாடகங்களைத்தான் அவர்கள் போடுவார்கள். எழுதத் தெரியாமல் ஆசையோடு வருகிறவர்களை உட்காரவைத்து எழுதப் பழக்குவார்கள். லாபம் என்ற பேச்சே கிடையாது. குழுவை நடத்தியவள் ஜெசிந்தா.

அவளிடம் பாடம் கேட்க வந்த அருணகிரிக்கு அவளுடைய அப்பா வயது. வேலைக் காலம் முழுக்க இன்சூரன்ஸ் பிடித்தவர், வாயால் பிழைத்தவர். கதவைச் சாத்தியவர்களிடமும் ஜன்னல் வழியாகப் பேசிக் கையெழுத்து வாங்கிவிடுவார். வீட்டில்தான் பாச்சா பலிக்கவில்லை. கல்யாணப் பேச்சில் கோபித்துக்கொண்டு போன மகள் போனவள்தான். ஃபோனைக்கூட எடுப்பதில்லை.

அந்தக் கடைசிச் சண்டையைத்தான் அவர் நாடகமாக எழுதியிருந்தார். மேடையில் பார்த்தாலாவது அப்பாவின் மனசு அவளுக்குப் புரியாதா என்ற ஆசை. பாவம், வேறெதற்காகவும் அவர் எழுத வரவில்லை.

எத்தனை முறை திருத்திக் கொடுத்தும் ஜெசிந்தா சரி என்று சொல்லவில்லை.

“என்ன குறைன்னு சொல்லிடுங்க டீச்சர். எம்பொண்ணு வந்து பாக்கணும்.”

“வாசிச்சுப் பாத்துடலாம் சார்.”

அப்பா பாத்திரத்தை அவள் தேவசகாயம் என்ற நடிகரிடம் கொடுத்தாள். அருணகிரி பதறிவிட்டார்.

“அத நான் வாசிக்கிறேனே. எனக்கு மனப்பாடம்.”

“அதனாலதான் வேண்டாங்கிறேன். நீங்க மகள்.”

எழுதியவர் தன் சாயலுள்ள பாத்திரத்தை வாசிக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். அருணகிரி மகளின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

தேவசகாயம் உருகி உருகி வாசித்தார். படிக்கவைத்த கஷ்டம், ஊர் வாய்க்குப் பயந்த பயம், ஒன்றும் விடவில்லை. அருணகிரிக்கு முதலில் பெருமைதான். தன் வசனம் நன்றாக இருக்கிறதே என்று உதட்டை அசைத்தபடி கேட்டார்.

மகளுக்கு ‘இல்லப்பா’ என்று ஒரு வசனம் வந்தது. வாசித்தார். அப்பா மேலே பேசிக்கொண்டே போனார். அருணகிரி வாயைத் திறந்தார். தாளில் அவருக்கு ஒன்றும் இல்லை. மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி திறந்தார். காது மடல் சிவந்துவிட்டது.

“டீச்சர், நான் என்ன பண்ணட்டும்? சும்மா உக்காந்திருக்கேன்.”

“இருங்க சார். உங்க வசனம் கடைசிப் பக்கத்துல இருக்கு.”

தேவசகாயம் தொடர்ந்தார். அருணகிரி குனிந்து தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கம் வந்தது. ‘நான் கிளம்புறேன்ப்பா’ என்று வாசித்துவிட்டு எழுந்தார். நாடகம் முடிந்தது. யாரும் கை தட்டவில்லை. மனுஷர் நின்றபடியே இருந்தார்.

“குறை தெரிஞ்சுதா சார்?”

“எனக்கு ரெண்டாம் பக்கத்துலயே எழுந்து போயிடலாம்னு இருந்துச்சு டீச்சர்.”

ஜெசிந்தா அவர் கையிலிருந்த தாள்களை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

“உங்க பொண்ணு அன்னைக்குக் கடைசிப் பக்கம் வரைக்கும் உக்காந்திருந்தாளே சார்.”