மரக்கால் பருப்பும் ராஜாவின் அரைக்கச்சையும்

முன்னொரு காலத்தில், ராஜாக்கள் சொன்னதெல்லாம் சரியாகவே இருந்த காலத்தில், கனகசேனன் என்றொரு ராஜா இருந்தார். அவருடைய அரண்மனை வைத்தியர் ஈசானப் பண்டிதர் ஒருநாள் வாய் தவறி ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டார்.

"தினம் ஒரு கைப்பிடி பாதாம்பருப்பு உண்டால் இருதயம் பலப்படும், புத்தி தெளியும், ஆயுள் கூடும், மகாராஜா."

ராஜா யோசித்தார். அதுதான் வினை. "கைப்பிடிக்கே இவ்வளவு என்றால், நெல் அளக்கும் மரக்காலுக்கு?"

பண்டிதருக்கு உண்மை தெரியும். உத்தியோகத்தின் அருமை அதைவிட நன்றாகத் தெரியும். "நூறு வயது நிச்சயம், மகாராஜா" என்றார். மந்திரி வல்லபராயரும் ஆமாம் போட்டார்.

அன்றுமுதல் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு மேல், மாலைதோறும் ஒரு மரக்கால் பருப்பு. அரைக்கச்சை எட்டாமல் போயிற்று. சிம்மாசனப் படி ஏறுவதற்குள் ராஜாவுக்கு மூச்சு இரைத்தது. குறைக்கச் சொல்பவனுக்கு நாடு கடத்தல் என்று உத்தரவு வேறு போட்டுவிட்டார்.

அந்தச் சபையில் அம்பலவன் என்றொரு விகடகவி. அவன் வாயைத் திறந்தால் ராஜா சிரிப்பார். பண்டிதருக்கும் மந்திரிக்கும் அதில் வயிற்றெரிச்சல். இருவரும் கூடிப் பேசி, ஒரு பொய்யோடு ராஜாவிடம் போனார்கள்.

"தங்களைப் பருப்பைக் குறைக்க வைப்பேன் என்று அம்பலவன் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான், மகாராஜா."

ராஜா அவனை அழைத்தார். "பௌர்ணமிக்குள் செய்து காட்டு. குறை என்று வாயால் சொன்னாலும் நாடு கடத்தல். செய்யாவிட்டாலும் நாடு கடத்தல்."

அம்பலவனுக்கு வீட்டில் பெண்டாட்டி நிறைமாதம். "உத்தரவு, மகாராஜா. தங்கள் பருப்பை ருசி பார்க்கும் வேலையை மட்டும் அடியேனுக்குத் தர வேண்டும்" என்றான்.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம். ராஜாவின் பாட்டனாருக்கு யாரோ பாயசத்தில் விஷம் வைத்ததிலிருந்து, ஒருவர் ருசி பார்த்துப் பிழைத்திருந்தால்தான் ராஜா எதையும் வாயில் வைப்பார். "தின்னத்தானே கேட்கிறான், தின்றுவிட்டுப் போகட்டும்" என்று மந்திரி சிரித்தார்.

மறுநாள் மாலை அம்பலவன் ஒரு பருப்பை எடுத்துப் பாதியைக் கடித்தான். கண்ணை மூடி உட்கார்ந்தான். நாடி பார்த்தான். வெகுநேரம் கழித்து, "உயிரோடுதான் இருக்கிறேன்" என்று மீதிப் பாதியை ராஜாவிடம் நீட்டி, அடுத்ததை எடுத்தான்.

"இதென்ன கூத்து?"

"பாயசம் ஒரே பாத்திரம், மகாராஜா. ஒரு கரண்டி போதும். பருப்பு ஒவ்வொன்றும் தனித்தனி ஓட்டுக்குள் பிறந்தது. இதற்காக அது சாட்சி சொல்லாது. தங்கள் உயிர் விஷயத்தில் அவசரப்படலாமா?"

பாட்டனார் காலத்து வழக்கம். ராஜா கையை நீட்டிக் காத்திருந்தார். மாலைப் பாட்டுக் கச்சேரி முடிந்து அவர் கொட்டாவி விட்டபோது வயிற்றுக்குள் போயிருந்தது ஒரு கைப்பிடிதான். தினமும் இதே கதை.

பௌர்ணமி வந்தது. கச்சை எட்டியது. ராஜா மூச்சு வாங்காமல் படியேறி, மேலே நின்று திரும்பிப் பார்த்தார்.

"அம்பலவா, குறை என்று நீ சொல்லவே இல்லையே."

"இல்லை, மகாராஜா. தின்றேன், அவ்வளவுதான்."

"என்ன வேண்டும், கேள்."

"களஞ்சியத்தில் மீந்த பருப்பு மலையாகக் கிடக்கிறது. மரக்கால் தின்றால் நூறு வயதாம். பண்டிதரும் மந்திரியும் நூறு வயது இருக்க வேண்டாமா? தினம் ஆளுக்கு ஒரு மரக்கால், தங்கள் கண்ணெதிரே."

பண்டிதர் முகம் வெளுத்தது. "மகாராஜா, உடம்புக்கு ஒரு கைப்பிடிதான் நல்லது" என்று கைகூப்பினார்.

ராஜா அவரையே பார்த்தார். பிறகு, கச்சை அவிழும்படி சிரித்தார். "இதை நான் மரக்கால் கேட்ட அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, பண்டிதரே" என்று, கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அம்பலவனுக்குப் போட்டார்.

அன்று மாலையே பண்டிதருக்கும் மந்திரிக்கும் ஆளுக்கொரு மரக்கால் வந்து சேர்ந்தது. ருசி பார்க்க ராஜா ஆள் அனுப்பவில்லை.