பனிக்கு முன்னே வெள்ளை

பனிமலைச் சரிவில் ஒரு மடம். முற்றத்துக் கல்லின் நண்பகல் நிழல் வாசற்படியைத் தொட்டுவிட்டால் அங்கே குளிர்காலம். அன்று எல்லாரும் வெள்ளைக் கம்பளி உடுத்து, கீழே கோட்டை வாசலுக்குப் போய், சிறையில் கிடப்பவர்களை விடுவிக்கச் சொல்லிக் கேட்பார்கள். தொன்றுதொட்ட வழக்கம்.

இந்த வருடம் கோட்டைத் தலைவன் சொல்லி அனுப்பினான்: வெள்ளை உடுத்து வருகிறவர்களுக்கும் உள்ளே இடம் இருக்கிறதாம்.

சீடர்கள் ஒவ்வொருவராக ஊர் போய்ச் சேர்ந்தார்கள். மிஞ்சியது குரு தையல்நாயகி அம்மையும், அவரைவிடப் பத்து வயது மூத்த சீடர் மாசிலாமணியும்தான்.

நிழல் படியைத் தொட்டது. அம்மை கொடியிலிருந்து தன் கம்பளியை எடுத்தார். பழுப்பாக இருந்தது.

"யார் வேலை இது?"

மாசிலாமணி கறைபடிந்த நகங்களை மறைத்துக்கொண்டார். "அக்ரூட் தோலில் ஊறப்போட்டேன் அம்மா. சாயம் ஒருவருக்குத்தான் காணும். அதனால் உங்களுடையதை மட்டும்."

"வெளுக்குமா?"

"இந்த ஜென்மத்தில் வெளுக்காது."

அம்மை எதிர்ச் சரிவைக் காட்டினார். காய்ந்த புல் நடுவே ஒரு காட்டு முயல், உப்புக்கட்டி போல.

"அசட்டுப் பிராணி," என்றார் மாசிலாமணி. "பனியே விழவில்லை. அதற்குள் வெளுத்துக்கொண்டு நிற்கிறது."

"பனியைப் பார்த்து அது வெளுப்பதில்லை. பகல் குறுகினால் வெளுக்கும்."

"நரி பார்த்துவிடுமே."

"பார்க்கும்."

"பொந்துக்குள்ளாவது போய் இருக்கலாம்."

"அதற்கு ஏது பொந்து? பிறப்பதே வெட்டவெளியில்தான். அதுவும் கண்ணைத் திறந்துகொண்டு."

நரி வந்தேவிட்டது. முயல் கல்லாகக் கிடந்தது. நரி அருகில் வந்ததும் முயல் நீண்ட பின்னங்கால்களை உதைத்து, மேட்டைப் பார்த்து ஓடியது. நரி பாதி ஏறி, இரைத்து, திரும்பிவிட்டது.

"தப்பித்தது. இனியாவது புத்தி வரும்."

முயல் உச்சியில் உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டது. அதே வெள்ளை.

"பனி விழட்டும் அம்மா," என்றார் மாசிலாமணி. "வெள்ளையோடு வெள்ளையாகப் போய்விடலாம். யார் கண்ணிலும் படமாட்டோம்."

"யார் கண்ணிலும் படாமல் போய், யாரிடம் கேட்பது?"

கொடியில் மாசிலாமணியின் கம்பளி வெள்ளையாக ஆடிக்கொண்டிருந்தது. அம்மை அதை எடுத்துப் போர்த்திக்கொண்டார். நீளம் அதிகம், தரையில் இழுபட்டது.

"அது என்னுடையது அம்மா. நான் எதை உடுப்பது?"

அம்மை பழுப்புக் கம்பளியை மடித்து அவர் கையில் வைத்தார்.

"நல்ல சாயம், மாசிலாமணி. உடுத்துக்கொண்டு இங்கேயே உட்காரும். நீர் இருப்பது யாருக்கும் தெரியாது."