ஆற்றில் ஏறி வந்தது

நொச்சியாற்றில் மேலே இருப்பது மேலநொச்சி. நாலு மைல் கீழே கீழநொச்சி. மேலூர்க் குப்பையெல்லாம் கீழூருக்குத்தான் மிதந்து வரும். இரண்டு ஊராட்சியும் சேர்ந்து ஆற்றைச் சுத்தமாக வைத்துக்கொள்வோம் என்று கேட்கப் போனவர்களிடம் மேலூர்த் தலைவர் பேச்சியப்பன் எகிறினார்.

"தண்ணி எங்க ஊர்லேருந்து உங்களுக்கு வருது. உங்க ஊர்லேருந்து ஆத்து வழியா எங்களுக்கு என்ன வருது? ஏதாவது ஒண்ணு மேல ஏறி வந்துச்சுன்னு காட்டுங்க, அந்த இடத்துலயே கையெழுத்துப் போடுதேன்!"

 கீழூர்த் தலைவரோடு வந்திருந்த மாடத்தி, கீழூர்த் தடுப்பணையில் ஷட்டர் தூக்குகிறவள். "முதல்ல சாப்பிடுவோம் அண்ணாச்சி" என்றாள்.

இலை போட்டார்கள். கெண்டைமீன் குழம்பு மணத்தது. பேச்சியப்பன் நாலாவது துண்டை எடுத்தார்.

"எங்க ஊர்ப் பாலத்தடியில பிடிச்சது. இந்த ருசி உங்க ஊர்ல உண்டா?"

"வயித்துல சினை இருந்துச்சா அண்ணாச்சி?"

"புதுவெள்ளத்து மீனுல்லா! சினை இல்லாம இருக்குமா?"

"அது முட்டையிடத்தான் எங்க ஊர்லேருந்து வெள்ளத்தை எதுத்து ஏறி வருது. முந்தாநாள் நான்தான் ஷட்டரைத் தூக்கி வழி விட்டேன். அடுத்த வருசம் இறக்கியே வச்சிரட்டுமா?"

வாய்க்குப் போன துண்டு பாதி வழியில் நின்றது. பந்தியில் இருந்த மேலூர் உறுப்பினர்கள் எல்லோரும் ஒரே குரலில், "தலைவரே, கையெழுத்துப் போடுங்க!" என்றார்கள்.

கூட்டுத் தீர்மானத்தின் மூலையில் இன்றைக்கும் ஒரு மஞ்சள் கறை இருக்கிறது. கை கழுவக்கூட அவரை யாரும் எழுந்திருக்க விடவில்லை.