திரும்பும் ஒலி இல்லாத படை

கேளுங்கள். துப்பாக்கிக் குழலில் மருந்தைக் கோலால் இடித்து நிரப்பிய காலம். பிரெஞ்சுச் சக்கரவர்த்தி ஒருவர் ஐரோப்பாவில் எந்த ராஜாவையும் நிம்மதியாகத் தூங்கவிடாத காலம். அப்போது ஆஸ்திரியா நாட்டுக் குதிரைப்படையில் ஒட்டோகர் என்றொரு வீரன் இருந்தான்.

அவனால் ஓரிடத்தில் இருக்க முடியாது. விருந்தில் நின்றபடியே சாப்பிடுவான். தேவாலயத்தில் காலை ஆட்டிக்கொண்டே இருப்பான். ஆலோசனைக் கூட்டத்தில் அவன் கண் சன்னலுக்கு வெளியே கட்டியிருக்கும் குதிரையின் மீதே இருக்கும்.

போர்க்களப் புழுதியில் தளபதியின் குரல் எடுபடாது. எல்லாவற்றையும் எக்காளம்தான் சொல்லும். நட என்பதற்கு ஓர் ஒலி, பாய் என்பதற்கு ஓர் ஒலி, திரும்பு என்பதற்கு ஓர் ஒலி. ஆட்களுக்கு முன்பே குதிரைகளுக்கு அது புரிந்துவிடும்.

முதல் போரில் திரும்பும் ஒலி கேட்டது. ஒட்டோகர் திரும்பவில்லை. துரத்திப் போய் எதிரியின் கொடியைப் பிடுங்கி வந்தான். பதக்கம் கிடைத்தது.

இரண்டாம் போரிலும் அந்த ஒலி கேட்டது. ஒட்டோகர் திரும்பவில்லை, ஆனால் அவனுடைய படை திரும்பிவிட்டது. தனியாக எதிரிகள் நடுவில் மாட்டி, தோளில் வெட்டு வாங்கிப் பிழைத்து வந்தான். விசாரணையில் அவன் சொன்னது இவ்வளவுதான்: "தப்புப் பண்ணினது நான் இல்லை, எக்காளம்."

பட்டாளத்துக்குத் தலைவனானதும் அவன் போட்ட முதல் உத்தரவு, அந்த ஒலியை இனி யாரும் ஊதக் கூடாது, எந்தக் குதிரைக்கும் பழக்கக் கூடாது என்பது.

எக்காளக்காரன் வென்சல் தலையைச் சொறிந்தான். "எஜமான், ஒருநாள் தேவைப்பட்டால்?"

"தேவைப்படுகிற பட்டாளத்தில் போய்ச் சேர்ந்துகொள்."

வென்சல் போகவில்லை. சம்பளம் இங்கேதான் ஒழுங்காக வந்தது.

திரும்பத் தெரியாத படை என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். இவர்கள் அதையே பட்டமாகச் சூடிக்கொண்டார்கள். ஒட்டோகர் ஜெனரல் ஆனான்.

மூன்றாம் போரில் ஆஸ்திரியா தோற்றது. பின்வாங்கும் வழியில் ஓர் ஆறு, அதன் மேல் ஒரே ஒரு மரப்பாலம். காலாட்படையும் காயம்பட்டவர்களின் வண்டிகளும் அதைக் கடந்தாக வேண்டும். கடைசியாகக் கடக்க வேண்டியது ஒட்டோகரின் தம்பி கஸ்பரின் படை. அதுவரை பாலத்தைக் காப்பது ஒட்டோகரின் வேலை.

"அண்ணா, நீ ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா நின்றால் போதும்," என்றான் கஸ்பர். "நிற்கத் தெரியும் இல்லையா?"

"நிற்கிறேன், போடா. பிறந்ததிலிருந்து இதே கேலி."

எதிரிக் குதிரைவீரர்கள் கொஞ்சம் பேர் காட்டோரம் வந்தார்கள், கத்தினார்கள், ஓடினார்கள். ஒட்டோகர் நின்றான். மறுபடி வந்தார்கள், தொப்பியை ஆட்டிக் காட்டினார்கள், ஓடினார்கள். ஒட்டோகர் கடிவாளத்தை முறுக்கிக்கொண்டு நின்றான். மூன்றாம் முறை குதிரையை விட்டு இறங்கி, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்கள்.

தம்பிக்குக் கொடுத்த வாக்கு நினைவிருந்தது. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தான். "நான் இங்கேயே நிற்கிறேன். படை மட்டும் ஒரு பாய்ச்சல் போய்விட்டு வரட்டும்."

வென்சல் ஊதினான். படை பறந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் ஏறி ஓடினார்கள், படை துரத்தியது, காட்டைத் தாண்டியும் துரத்தியது. அப்போதுதான் காட்டின் மறுமுனையிலிருந்து எதிரியின் பெரும்படை வெளியே வந்தது. நேராகப் பாலத்தை நோக்கி வந்தது.

"திரும்பச் சொல்லி ஊது," என்றான் ஒட்டோகர்.

"யாருக்கு, எஜமான்?"

"ஊதுடா."

மறந்துபோன ஒலியை வென்சல் தட்டுத்தடுமாறி ஊதினான். ஒருமுறை ஊதினான், இருமுறை ஊதினான், மும்முறை ஊதினான். தூரத்தில் ஒரு குதிரையும் காதை நிமிர்த்தவில்லை.

ஒரே ஒரு குதிரைக்குத்தான் அது புரிந்தது. வேறொரு பட்டாளத்தில் ஓடி ஓய்ந்து, இப்போது காயம்பட்டவர்களின் வண்டியை இழுத்துக்கொண்டு பாலத்தின் நடுவில் போய்க்கொண்டிருந்த கிழட்டு வெள்ளைக் குதிரை. இளமையில் கற்ற உத்தரவைக் கேட்டதும் வண்டியோடு திரும்பியது. சக்கரம் கைப்பிடி மரத்தில் சிக்கியது. பாலம் அடைபட்டது.

கஸ்பர் தன் ஆட்களைப் பாலத்தின் முகப்பில் வரிசையாக நிறுத்தினான். வண்டியை விடுவிக்கும்வரை யாராவது தாங்கியாக வேண்டும். வாளை உருவிக்கொண்டு ஓடிவந்த அண்ணனைப் பார்த்துச் சொன்னான்: "நீ நின்றாய், அண்ணா. சொன்னபடியே நின்றாய். படையைத்தான் காணோம்."

வண்டி விடுபட்டது, காயம்பட்டவர்கள் கடந்தார்கள். கஸ்பர் கடக்கவில்லை. ரத்தம் வழிய மயங்கிக் கிடந்த ஒட்டோகரை வென்சல் அக்கரைக்கு இழுத்துப் போனான். பிறகு பாலத்துக்குத் தீ வைத்தார்கள்.

சாயங்காலம் அவனுடைய படை ஆற்றை நீந்தி வந்தது. வந்தவர்கள் பாதிப் பேர். பிடுங்கிய கொடிகள் மூன்றைக் காட்டி, இவற்றை யாரிடம் கொடுப்பது என்று கேட்டார்கள். தலைநகரம் அந்தக் கொடிகளுக்காக ஒட்டோகருக்கு இன்னொரு பதக்கம் அனுப்பியது. அதை அவன் அணிந்து யாரும் பார்த்ததில்லை.

அதன் பிறகு அவன் பட்டாளத்துக்கு வந்த ஒவ்வொரு புதுக் குதிரைக்கும் முதலில் பழக்கியது திரும்பும் ஒலியைத்தான். அது ஊதும்போதெல்லாம் ஜெனரல் எழுந்து போய், ஆற்றுப் பக்கம் பார்த்து நிற்பான். உட்கார அவனுக்குக் கடைசிவரை வரவில்லை.

கேட்டவர்களே, கதையின் நீதி இது: படையைப் பாயச் சொல்லும் உரிமை, அதைத் திரும்பி வரவும் பழக்கியவனுக்கே உண்டு.