தோளுக்கடியில் சேலைத்துண்டு

தூங்குகிற பிள்ளைக்கு மூச்சு ஓடுதான்னு மூக்குக்கிட்ட விரலை வெச்சுப் பார்க்காத அம்மா உங்களில் யாராவது இருக்கீங்களா? இருந்தால் இந்தக் கதை உங்களுக்கு வேண்டாம். மத்தவங்க கேளுங்க.

ஒரு ஊரில் ஒரு பெரிய அரசு மருத்துவமனை. குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பதில் டாக்டர் மெர்லின் கெட்டிக்காரர். வயசு முப்பத்தாறு. அவரிடம் தொழில் பழக வந்தவர் டாக்டர் இருளப்பன். வயசு நாற்பத்தெட்டு. பதினெட்டு வருஷம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டுவிட்டு, மேற்படிப்புக்கு வந்தவர். ஆமாம், இந்தக் கதையில் குரு சின்னவர், சீடர் பெரியவர்.

இருளப்பனுக்கு உலக்கை பிடிக்கிற கை. எவ்வளவு கனத்த ஆளானாலும், முகத்தில் மாஸ்க்கை அழுத்திப் பிடித்து, காற்றுப்பையை அமுக்கி மூச்சு கொடுத்துவிடுவார். குழந்தைகள் பக்கம் அன்றைக்குத்தான் முதல் நாள்.

"மேடம், மயங்கின குழந்தைக்கு மூச்சு அடைச்சா பையை எவ்வளவு பலமா அமுக்கணும்?"

"வெளியே சங்கவின்னு ஒரு அம்மா இருக்காங்க. பதினாலு மாசப் பையன், குடலிறக்க ஆபரேஷன். அவங்க பக்கத்துல அஞ்சு நிமிஷம் உட்கார்ந்துட்டு வாங்க சார்."

"என்ன கேக்கணும்?"

"ஒண்ணும் கேக்க வேண்டாம்."

போய் உட்கார்ந்தார். பையன் சேந்தன் அம்மா தோளில் தூங்கிக்கொண்டிருந்தான்.

"பால் கொடுக்கக் கூடாதுன்னுட்டீங்க. விடியற்காலையிலேர்ந்து கத்திக் கத்தி இப்பத்தான் சார் அசந்தான். என் காதே போச்சு" என்றாள் சங்கவி.

பேச்சுக்கு நடுவே பையனின் தாடை நெஞ்சில் சரிந்தது. 'கொர்'ரென்று ஒரு சத்தம். சங்கவி பேச்சை நிறுத்தவில்லை. தோளை மட்டும் ஒரு தூக்குத் தூக்கினாள். பையனின் தலை பின்னால் சாய்ந்து தாடை நிமிர்ந்தது. சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கொர். மறுபடியும் ஒரு தூக்கு.

இருளப்பன் கேஸ் ஷீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"சார், இவனுக்கு என் சேலை வாசம் இருக்கணும். பழைய சேலையில கிழிச்ச துண்டு, துவைச்சதுதான். இதைத் தலைக்கு வெச்சுவிடுறீங்களா?"

"வைக்கிறேம்மா."

"மறந்துட மாட்டீங்களே?"

"நானும் ரெண்டு பிள்ளை வளர்த்தவன்மா."

உள்ளே வந்தார்.

"என்ன பார்த்தீங்க சார்?"

"நல்ல அம்மா. நல்லாப் பேசுறாங்க."

மெர்லின் சிரித்துக்கொண்டார்.

மேஜையில் பையனைக் கிடத்தினார்கள். இருளப்பன் சொன்ன சொல் தவறாமல் சேலைத்துண்டை நாலாக மடித்துத் தலைக்கு வைத்தார். மாஸ்க்கில் மருந்தை இழுத்துப் பையன் மயங்கினான். மெர்லின் அவன் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தார்.

இருளப்பன் பையை அமுக்கினார். நெஞ்சு எழும்பவில்லை. பலமாக அமுக்கினார். வயிறு உப்பியது. நெஞ்சு அப்படியே கிடந்தது. இன்னும் பலமாக.

'பீப் பீப்' என்று பாடிக்கொண்டிருந்த மானிட்டரின் குரல் இறங்கியது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறையக் குறைய அந்தச் சத்தம் கட்டையாகும்.

"மேடம், அடைக்குது! நீங்க பிடிங்க!"

மெர்லின் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்களே பிடிங்க. அமுக்குறதை நிறுத்துங்க."

பையனின் பிடரிக்கடியில் கையை விட்டுச் சேலைத்துண்டை உருவினார். சுருட்டினார். தோளுக்கடியில் தள்ளினார். கனத்த பின்னந்தலை தாழ்ந்தது. தாடை நிமிர்ந்தது. தாடைக்குக் கீழே மெத்தென்ற சதையில் இருளப்பனின் விரல் ஒன்று பதிந்திருந்தது. அதை எடுத்து எலும்பின் மேல் வைத்தார்.

"இப்போ ரெண்டே விரலால அமுக்குங்க."

கல்லில் போட்ட சப்பாத்தி மெல்ல எழும்புமே, அப்படி எழும்பியது நெஞ்சு. இறங்கியது. மறுபடி எழும்பியது. மானிட்டரின் குரலும் ஏறியது.

முக்கால் மணி நேரத்தில் ஆபரேஷன் முடிந்தது. சேந்தன் கண் விழித்து ஊரைக் கூட்டினான்.

கை கழுவும்போது இருளப்பன் மெதுவாகக் கேட்டார்.

"தலைக்கு வைக்கக் கூடாதுன்னு காலையிலேயே சொல்லியிருக்கலாமே மேடம்?"

"அதுக்குத்தானே சார் அனுப்பினேன். அவங்க சொல்லலையா?"

இருளப்பன் குழாயை மூட மறந்து நின்றார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

வெளியே சங்கவி பையனை மடியில் வைத்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சார், ஒழுங்கா இருந்தானா?"

"அவன் ஒழுங்காத்தான் இருந்தான். நான்தான் தப்புப் பண்ணேன்மா. சேலையைத் தலைக்கு வெச்சதும் மூச்சு கொஞ்சம் அடைச்சுது. மேடம் அதைத் தோளுக்கு மாத்தினாங்க. சரியாயிடுச்சு."

சங்கவி பையனை இறுக்கிக்கொண்டாள். அவன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். மூச்சு ஓடிக்கொண்டிருந்தது.

"இப்ப ஒண்ணும் இல்லையே சார்?"

"ஒண்ணும் இல்லம்மா."

பையனுக்கு மறுபடி கண் சொக்கியது. இருளப்பன் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். கையில் கேஸ் ஷீட் இல்லை.

"அம்மா, இவனை இன்னொரு தரம் தோள்ல போட்டுத் தூங்க வைங்களேன். காலையில நான் சரியாப் பார்க்கலை."